இடது பக்கம் கடல்

கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் எந்த வளைவில் வயிற்றைப் புரட்டும் என்று சரியாகச் சொல்லக்கூடிய ஒருவன் பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தான். கொல்லிமலையை அவன் பார்த்ததில்லை. ஏற்காடு, வால்பாறை, மேகமலை எதையுமே பார்த்ததில்லை. மேற்கே அவன் போன கடைசி ஊர் வேலூர், அதுவும் தங்கச்சியின் வைத்தியத்துக்காக. கிழக்கே சென்னை. அவ்வளவுதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம், ஒரு வருஷம்கூடத் தவறாமல், கோடையில் நாங்கள் மூன்று பேர் காரில் கிளம்பி ஊர் சுற்றியது முழுக்க அவன் போட்டுக் கொடுத்த வழியில்தான்.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, அப்படியா நடந்தது என்று கேட்பார்கள். ஆமாம், அப்படித்தான் நடந்தது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் திராணி இல்லை.

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது அவன் தொழில். பார்டரில் அன்னம், முந்தானையில் யானை, எது கேட்டாலும் முதலில் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டையில் துளை போடுவார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டு முன்னைவிட நன்றாகவே சம்பாதித்தான். எங்கள் பயணத்தை மட்டும் பேப்பரில்தான் போடுவான். கம்ப்யூட்டரில் ரோடு கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதாம். கிராப் பேப்பர் என் ஸ்டேஷனரிக் கடையில்தான் வாங்குவான். பொங்கல் கழிந்ததும் பெரிய தாளாக நாலு வாங்கினான் என்றால் அந்த வருஷத்துக் கோடைக்கு வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். சாலை மஞ்சள். மரநிழல் இருந்தால் அதை ஒட்டிப் பச்சை. சிவப்புக் கட்டம் வந்தால் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். ஏன் நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பான். இங்கே வலது பக்கம் பள்ளத்தாக்கு தெரியும். இங்கே டீ நன்றாக இருக்கும், வடை வேண்டாம். ஒரு வருஷம் ஆத்தூர் தாண்டிய இடத்தில், இங்கே சம்பத் சண்டை போடுவான், அதற்கு முன்பே சாப்பிட்டுவிடவும் என்று எழுதியிருந்தான். எழுதிய இடத்துக்கு நாலு கட்டம் தள்ளி, ஏ.சி.யைக் கூட்டுவதா குறைப்பதா என்று சம்பத் எங்களோடு மல்லுக்கு நின்றான். டயர் கடை வைத்திருப்பவன், கார் அவனுடையது, வாயும் அவனுடையது.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை நாள் பார்ப்பது. ஊர் உலகமெல்லாம் லீவு விட்டுவிட்டு ஊட்டிக்குப் போகும் மாதத்தில்தான் காஞ்சிபுரத்துக் கடைகளில் கல்யாணக் கூட்டம் நெருக்கியடிக்கும். எங்கள் மூன்றாவது ஆள் ஏழுமலை ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். அவனுக்கு மே மாதத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. இவன் புதுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் முகூர்த்தமே இல்லாத நாலு நாளைக் கண்டுபிடித்து, ஜனவரியிலேயே ஏழுமலையிடம் சொல்லிவிடுவான். முதலாளியிடம் இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் போய்த் தலையைச் சொறியாதே என்பான். நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்போதும் எங்களுக்கெல்லாம் வீட்டுப் பாடத்தை ஞாபகப்படுத்துவது அவன்தான்.

பார்க்காத ஊரைப் பற்றி இவ்வளவையும் எங்கே பிடித்தான் என்றால், கேட்டுத்தான் பிடித்தான். காமாட்சியம்மன் கோயிலுக்கு வரும் டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும் இடத்துக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்குப் போய்விடுவான். டிரைவர்கள் டீ குடிக்கும் நேரம் அது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணா நீங்க எந்தப் பக்கம் என்று ஆரம்பிப்பான். அந்த வளைவு தாண்டினதும் என்ன தெரியும், பனி எத்தனை மணிக்கு விலகும், அங்கே குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சட்டைப் பையிலிருக்கும் சீட்டில் குறித்துக்கொள்வான். ஒருமுறை சத்தியமங்கலத்து டிரைவர் ஒருவர், தம்பி நம்ம பக்கம் அடிக்கடி வருவாயோ என்று இவனையே கேட்டாராம். ஆமாண்ணா, வருஷா வருஷம் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதை எங்களிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நாங்களும் சிரித்து வைத்தோம்.

அவனால் ஏன் வரமுடியாது என்பது எங்களுக்குத் தெரியும். தங்கச்சிக்கு எட்டு வயதில் வலிப்பு வந்தது. எப்போது வரும், எங்கே வரும் என்று சொல்ல முடியாது. வண்டி ஆட்டம் அவளுக்கு ஆகாது, புது இடமும் ஆகாது. அப்பா அம்மா இருந்தவரை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் இவன். பெண் பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்கள் வந்தபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டான். ஒரு வயதுக்கு மேல் அவர்கள் வருவதும் நின்றது. பகலில் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வெளியே போவான். ஆனால் ஒரு நாள்கூட அவளை விட்டு வெளியூரில் தங்கியதில்லை.

அதற்காக மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறவனில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் நாங்கள் கூடினால் கலர் பென்சில் டப்பாவோடு தங்கச்சியும் வந்து உட்காருவாள். முப்பத்தைந்து வயதில் சின்னப் பெண் மாதிரி இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். மலைக்கு என்ன கலர்மா போடலாம் என்று அவளைத்தான் கேட்பான். அவள் யோசித்து, அரக்கு என்பாள். எந்த ஊரில் மலை அரக்கு கலரில் இருக்கிறது என்று ஏழுமலை வம்புக்கு இழுப்பான். பதினைந்து வருஷமாக அரக்குப் புடவையாக விரித்துப் போட்டு அந்தக் கலர் மீதே அவனுக்கு வெறுப்பு. அவள் விடமாட்டாள். எங்கள் மலைகள் எல்லாம் அரக்கில்தான் இருந்தன.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறன்று, டீ குடித்து முடித்ததும், நீயும் வாடா என்று எங்களில் யாராவது ஒருவர் அவனைக் கேட்போம். இவளை யார் பாத்துக்குவாங்க என்பான். அத்தோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். வரமாட்டான் என்று தெரிந்தேதான் கேட்டோம். கேட்பது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் இடது ஜன்னலோரம் அவன் இடம் என்று பெயர். அதில் எங்கள் பைகளைப் போட்டுக்கொண்டு போவோம்.

கொல்லிமலை போன வருஷம் பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில் சிவப்புக் கட்டம் இருந்தது. பத்து நிமிடம் நிற்கவும் என்று எழுதியிருந்தான். நின்றோம். ஒரு டீக்கடைகூட இல்லை. வெள்ளையாகப் பனி, எதிரில் கை நீட்டினால் கை தெரியாது. சம்பத் கண்டபடி திட்டினான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவன் பாட்டுக்குக் கட்டம் போடுகிறான், நாம் இங்கே பேயாட்டம் நிற்கிறோம் என்றான். ஆறேழு நிமிடம் போயிருக்கும். பனி கீழிருந்து கிழிந்துகொண்டு வந்தது. கீழே வயலும் ஏரியும் ஊரும் வெயிலில் பளிச்சென்று கிடந்தன. போன் போட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, தெரியுதா என்பது. தெரியுதுடா, தெரியுது என்று சம்பத்தே கத்தினான். இரு, இவகிட்ட சொல்லு என்று போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டான். திட்டிய வாயால் சம்பத் அவளிடம் ஏரி எத்தனை என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனிடம் நாங்கள் ஒருமுறை பொய்யும் சொல்லியிருக்கிறோம். ஓர் அருவிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று போட்டிருந்தான். வெயிலுக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு, அறையிலேயே தூங்கிவிட்டு, பார்த்தோம், பிரமாதம் என்று ஊர் வந்து சேர்ந்தோம். திரும்பி வந்ததும் ஒவ்வொரு கட்டமாக அவனுக்குச் சொல்லியாக வேண்டும், அது எழுதாத சட்டம். தண்ணி எத்தனை பிரிவா விழுது என்று கேட்டான். மூன்று என்றான் ஏழுமலை, யோசிக்காமல். அவன் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு டீ போட உள்ளே போனான். அடுத்த வருஷத் தாளில் வேறு மலைக்குப் போகிற வழியை வளைத்துக்கொண்டு வந்து, அதே அருவியை மறுபடி போட்டிருந்தான். பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு நடந்தோம். தண்ணீர் இரண்டு பிரிவாகத்தான் விழுந்தது.

தங்கச்சி ஒரு மாசி மாதம் போய்விட்டாள். விடிகாலையில் வலிப்பு வந்தது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. அவன் அழுததை நாங்கள் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி முடியும்வரை சாம்பார் வாளியோடு நின்று, வந்தவர்களை எல்லாம் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் கோடைப் பயணத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து அவனே என் கடைக்கு வந்தான். கையில் சுருட்டிய தாள். விரித்துக் காட்டினான். அதில் மலையே இல்லை, அரக்கு கலரும் இல்லை. பாண்டிச்சேரியில் ஆரம்பித்து கடலை ஒட்டியே தெற்கே தனுஷ்கோடி வரை நீலமாகப் போயிற்று. பார்த்து வை, சுத்தமா எழுதி அப்புறம் தரேன் என்றான். சரியென்று தலையாட்டினேன். நான் விஷயத்தைச் சொன்னதும் மற்ற இரண்டு பேரும் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் எவனாவது கடற்கரைக்குப் போவானா, பாவம் அவனுக்கு மனசு சரியில்லை, அதான் இப்படிப் போட்டிருக்கிறான் என்றான் சம்பத். அவன் மனது கோணக்கூடாது, அதனால் அதே வழியில் போய்விட்டு வருவோம் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். எங்களுக்குப் பெருந்தன்மை வேறு.

அவனைக் கூப்பிடுவதா என்ற பேச்சு வந்தது. வராமல் இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டார் மலை ஏறமாட்டார்கள், கோயில் குளம் போகமாட்டார்கள். ஊர் சுற்றப் போவதென்றால் கேட்கவே வேண்டாம். ஏழுமலைதான் முதலில் சொன்னான்.

"வருஷம் திரும்பலையேப்பா. இப்பப் போய்க் கேட்டா, சாவு வீட்டுக்காரன ஜாலிக்குக் கூப்பிடறாங்கன்னு தப்பா நெனச்சிக்குவான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சம்பத்தின் மச்சான் ஒருவர் கொஞ்ச நாளாக, நானும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடம்தான் இருக்கிறதே என்று அவரைச் சேர்த்துக்கொண்டோம். அந்த வருஷம் முந்தின ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனோம், டீ குடித்தோம், வண்டிக்குப் புது டயர் போட்டதைப் பேசினோம். அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். துக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுந்தபோது தாளைக் கேட்டேன். காலையில வந்து தரேன் என்றான்.

காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் நின்றிருந்தான். எப்போதும் லுங்கியும் கை வைத்த பனியனுமாக இருப்பவன், அன்று இஸ்திரி போட்ட பேண்ட் சட்டை, காலில் ஷூ. எங்கேடா இவ்வளவு காலையில் கிளம்பிவிட்டாய் என்று சம்பத் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கேட்டான். சும்மா, கொஞ்சம் நடக்கலாம்னு என்றான். குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். இடது ஜன்னலோரம் மச்சான் கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் தாளை என் கையில் கொடுத்தான். பிறகு மச்சானிடம் சொன்னான்.

"நல்ல எடத்துல உக்காந்துக்கினு இருக்கீங்க. போற வழி பூரா உங்க பக்கம்தான் கடலு."

வண்டி நகர்ந்ததும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழுமலை பார்த்தானாம், அங்கேயே நின்றிருந்தான் என்று பிற்பாடு சொன்னான்.

இரண்டாம் நாள், இராமேசுவரத்துக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓரிடத்தில் டீக்கு நின்றோம். மச்சான் பொழுது போகாமல் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஒன்றும் தெரியாதவர். அவர்தான் கேட்டார்.

"ஏங்க, 'கோயிலுக்குப் போகாதவர் இங்கே இறங்கிக்கொள்ளலாம், வேப்பமர நிழல் உண்டு, மற்றவர்கள் வரும்வரை கடல் பார்க்கலாம்'னு எழுதியிருக்குது. நம்ம நாலு பேரும்தான் கோயிலுக்குப் போறோமே, யாருங்க போகாதவரு?"

நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். வழியில் கோயில் வந்த இடமெல்லாம் பக்கத்தில் ஒரு நிழல் போட்டிருந்தான். ஒரு பாலத்தடி, ஓர் ஐஸ் கடை, ஒரு கட்டுமரத்துறை. மூன்று பேர் சாமி கும்பிட்டு வரும்வரை ஒருவன் உட்கார்ந்திருக்க ஓரிடம். நாலு நாளும் ஒரு மேடுகூட ஏறாத வழி. வருஷம் திரும்பாதவன் போகக்கூடிய வழி எது என்று தேடித் தேடி, நாள் கணக்கில் உட்கார்ந்து போட்டிருக்கிறான். எங்களுக்காகப் போட்ட பன்னிரண்டு தாளில் இது ஒன்றுதான் அவனுக்காகப் போட்டது. பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சம்பத் தாளை வாங்கிப் பார்த்தான், ஏழுமலை பார்த்தான். அதற்கப்புறம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மச்சான் மட்டும், என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று நான் போன் போட்டேன். கடல் தெரியுதா என்றான். தெரியுது என்றேன். நல்லா பாத்துட்டு வாங்க என்று வைத்துவிட்டான்.

ஊர் திரும்பிய மறுநாள் மத்தியானம் தனியாக அவன் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஏதோ கல்யாணப் புடவைக்கு மயில் போட்டுக்கொண்டிருந்தான். நிறுத்திவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தான். கட்டம் கட்டமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாண்டிச்சேரி தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டேன். ஏன்டா, நானும் வருகிறேன் என்று நீ சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது கோபமாகத்தான் வந்தது. தப்பு செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வருகிறது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வருஷா வருஷம் நீங்க கேட்டீங்க. நான் முடியாதுன்னேன். இந்த வருஷமும் கேப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேம்பா."

அதில் குறை எதுவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருஷம் திரும்பவில்லை, கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாய் என்று... என்று இழுத்தேன். தெரியும்பா, நானா இருந்தாலும் அதான் நெனச்சிருப்பேன் என்றான். இருந்தாலும் மனசு அடங்கல, துணி எடுத்து வச்சிட்டேன், காலையில வண்டியப் பாத்தப்புறம்தான் ஆசைய விட்டேன் என்றான். கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டான்.

"அடுத்த வருஷம் கேளுங்க. வரேன்."

அந்த வருஷ மார்கழியில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவன் தலை துவட்டிக்கொண்டே உட்கார்ந்தான். அப்படியே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். சம்பத் அன்றிலிருந்து காரை விற்றுவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், விற்கவில்லை.

எனக்கு அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த வருஷம் கேளுங்க என்று அவன் சொன்னபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷத்துக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? மாமல்லபுரம் இருந்தது, ஒன்றரை மணி நேரம், வழியில் ஒரு மேடு கிடையாது. வாடா, இப்போதே கிளம்பலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருப்பான். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.